கோத்தகிரிக் குளிரில் வீட்டிலேயே ரிம்முக்கு பெயிண்ட் அடிக்கலாமா?

கேள்வி, 2 டிசம்பர்

ஆல்டோ 800, 12 அங்குல இரும்பு ரிம். வீல் கப் இரண்டு எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. மீதி இரண்டையும் எடுத்துப் பார்த்தால் நான்கு ரிம்மும் துரு. பட்டறையில் கேட்டேன், "இந்த ஊர் ஈரத்துல வீட்ல அடிச்சா பெயிண்ட் நிக்காது, கீழ கோயமுத்தூர் கொண்டு போங்க" என்கிறார்கள். ஸ்ப்ரே கேன் வாங்கி நானே அடிக்கலாம் என்று இருக்கிறேன். நம் மலையில் யாராவது அடித்திருக்கிறீர்களா அண்ணா? இந்த ஞாயிறு லீவு இருக்கிறது.

2 டிசம்பர், இரவு

அடிக்கலாம் தம்பி. என் வண்டியும் ஆல்டோதான், வீடு கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகிற வழியில். இதுவரை இரண்டு முறை அடித்திருக்கிறேன், முதல் முறை கெட்டது, இரண்டாவது நின்றது. ஆனால் இந்த ஞாயிறு வேண்டாம். பட்டறைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பெயிண்ட் நிற்காமல் போவது குளிரால் இல்லை, ஈரத்தால்.

ஸ்ப்ரே கேனில் இருக்கிற தின்னர் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது அடித்த இடத்தைக் குளிர வைத்துவிட்டுத்தான் போகும், கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதேதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்தச் சின்னக் குளிர்ச்சியே போதும், பெயிண்ட் காய்வதற்குள் அதன் மேல் பனித்துளி இறங்கிவிடும். கறுப்பு அடித்தால் சாம்பல் பூத்த மாதிரி வெளுக்கும், சில்வர் அடித்தால் மினுமினுப்பே இருக்காது.

நமக்கு இப்போது வடகிழக்குப் பருவமழை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இதுதான் பெரிய மழை. ஜனவரி வரை காத்திருங்கள், அதிலிருந்து மார்ச் வரை வெயில் கிடைக்கும். கூடலூர், ஊட்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்கள் கணக்கு வேறு, அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் தொடவே கூடாத மாதங்கள்.

3 டிசம்பர், காலை

காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருக்க வேண்டாம். இந்த வேலையில் அடிப்பது கால் பங்கு, தேய்ப்பது முக்கால் பங்கு. தேய்க்க வெயில் வேண்டியதில்லை, கார் ஷெட்டிலோ திண்ணையிலோ உட்கார்ந்து செய்யலாம். ஆனால் தேய்த்த இரும்பை வெறுமனே விட்டால் நம் ஊரில் இரண்டு நாளில் மறுபடி செம்மண் நிறம் வந்துவிடும், அதனால் கடைசித் தேய்ப்பை மட்டும் அடிக்கிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரிம்மைக் கழற்றித்தான் அடிக்க வேண்டும். வண்டியில் இருக்கும்போதே பேப்பர் ஒட்டி அடிக்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் சம்மதம் இல்லை, ஏன் என்று பிறகு எழுதுகிறேன். நம் ஊரில் சமதரை கிடைப்பதே கஷ்டம். கை பிரேக்கை மட்டும் நம்பி ஜாக்கி ஏற்றாதீர்கள். கியரில் போட்டு, சரிவின் கீழ்ப்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் நல்ல கல்லாக அணை கொடுத்து, நட்டைத் தரையில் வைத்தே இளக்கிக்கொண்டு, அப்புறம் ஏற்றுங்கள். ஸ்டெப்னி ஒன்று இருப்பதால் ஒரு நேரம் ஒரு ரிம்தான் வேலைக்கு எடுக்க முடியும், அதுவே நல்லது, அவசரம் வராது.

கழுவும்போது முன் சக்கர ரிம்மின் உள்பக்கம் கறுப்பாக மாவு மாதிரி ஒட்டியிருக்கும். டிஸ்க் பிரேக் தேய்மானத் தூள் அது. மலை இறங்கி இறங்கி சூட்டில் சுட்டுப்போய் ஒட்டியிருப்பதால் சோப்புத் தண்ணீர் மட்டும் போதாது, பழைய பல் பிரஷ் வைத்து மூன்று முறை தேய்க்க வேண்டியிருந்தது. அதன் மேல் அடிக்கிற பெயிண்ட் அந்தத் தூளில்தான் ஒட்டும், இரும்பில் ஒட்டாது.

டயரைக் கழற்ற வேண்டியதில்லை. காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, டயருக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவே சீட்டுக்கட்டுச் சீட்டுகளை ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் ஏறுகிற மாதிரி சுற்றிலும் செருகிவிட்டால் டயரில் ஒரு பொட்டு பெயிண்ட் படாது. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டியும் செருகலாம், அது தடிமனாக இருப்பதால் நன்றாக நிற்கும்.

3 டிசம்பர், மாலை

காலையில் எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். காற்றை முழுவதும் இறக்காதீர்கள். டியூப்லெஸ் டயர் என்றால் முழுக்க இறக்கி ரிம்மைப் புரட்டும்போது டயரின் ஓரம் உள்ளே விழுந்துவிட வாய்ப்பு உண்டு, அதை மறுபடி உட்கார வைக்க வீட்டில் இருக்கிற கைப்பம்பால் முடியாது. கொஞ்சம் காற்று இருக்கட்டும். சீட்டு நுழைகிற அளவுக்கு டயர் நெகிழ்ந்தால் போதும்.

5 டிசம்பர்

மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கிரீஸ் போகும், ஆனால் மண்ணெண்ணெய் தானே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். அதைப் போட்டால் பிறகு சோப்பு, அப்புறம் தின்னர் தொட்ட சுத்தமான துணி. தின்னரால் துடைத்த பிறகு வெறும் கையால் தொடக் கூடாது.

9 டிசம்பர்

முதல் முறை எனக்கு எப்படிக் கெட்டது என்று சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்யாமல் இருக்க.

வீட்டுக் கேட்டுக்கு அடித்தது போக அரை டப்பா ரெட் ஆக்சைடு, அதாவது இரும்புக்கு அடிக்கிற சிவப்பு அடிப்பூச்சு, மீதி இருந்தது. துருவுக்கு நல்லதுதானே என்று பிரஷ்ஷால் ரிம் முழுக்க அடித்து ஒரு இரவு விட்டேன். காலையில் தொட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை. சரி, காய்ந்துவிட்டது என்று நினைத்து அதன் மேல் சில்வர் ஸ்ப்ரே அடித்தேன். இரண்டு நிமிஷம் நன்றாக இருந்தது. மூன்றாவது நிமிஷம் நட்டுத் துளையைச் சுற்றி ஒரு ரூபாய் அளவு இடம் மெல்ல எழும்பியது, பால் காய்ந்து ஆடை கட்டும்போது நடுவில் ஒரு சுருக்கம் விழுமே, அதே மாதிரி. கண் முன்னாலேயே அந்தச் சுருக்கம் விளிம்பு வரை ஓடியது. விரலால் தொட்டேன், தோல் கையோடு வந்துவிட்டது, அடியில் ரெட் ஆக்சைடு களிம்பாக இருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. ரெட் ஆக்சைடு எண்ணெய் வகை. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து மெதுவாக இறுகுகிற சாமான், குளிரில் இன்னும் மெதுவாக. மேலே தொட்டால் ஒட்டாது, உள்ளே பச்சையாக இருக்கும். ஸ்ப்ரே கேனில் இருக்கிற தின்னர் காரமானது, அது போய் அந்தப் பச்சைப் படலத்தை ஊற வைத்துத் தூக்கிவிடும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் ரெட் ஆக்சைடு அருமை, மேலே எனாமல் அடிப்பதால் பிரச்சினை இல்லை. ஸ்ப்ரே அடிக்கிற ரிம்முக்கு ஸ்ப்ரே வகையிலேயே கிடைக்கிற சாம்பல் நிற பிரைமர் (அடிப்பூச்சு) வாங்குங்கள். பிரைமர், கலர், கிளியர் (கலருக்கு மேலே அடிக்கிற நிறமில்லாத பூச்சு) மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே வகை. காசு கொஞ்சம் கூடத்தான். நான் மிச்சம் பிடித்த அரை டப்பாவால் எனக்கு மூன்று நாள் சுரண்டல் வேலை கிடைத்தது.

10 டிசம்பர்

தேயிலை டிக்காஷன் போட்டால் துரு கறுப்பாக மாறி நின்றுவிடும் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அடிப்படை இல்லாத பேச்சு இல்லை அது. டீத்தூளில் இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுக்கும், ஆணியைக் கட்டன் டீயில் போட்டு வைத்தால் மை மாதிரி ஆகிவிடும். கடையில் விற்கிற சில துரு மாற்றிகளில் டேனிக் அமிலம் இருப்பதும் உண்மை. நானே சாயம் இறங்கக் காய்ச்சித் தடவிப் பார்த்தேன், துரு கறுத்தது, ஆனால் மறுநாள் ஈரத் துணியால் துடைத்தபோது கறுப்பு துணிக்கு வந்துவிட்டது. பெயிண்ட் தாங்குகிற படலம் அது இல்லை. ஹார்டுவேர் கடையில் பாஸ்பாரிக் அமிலம் கலந்தது கிடைக்கும், கையுறை போட்டுக்கொண்டு அதைத் தடவுங்கள், துரு கறுத்து இறுகும். அதற்கு முன்னால் உதிர்கிற துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்தே ஆக வேண்டும். எந்த மருந்தும் செதிலுக்கு அடியில் போகாது.

உப்புத்தாள் வரிசை (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்): குழி விழுந்த துருவுக்கு 80, அந்தக் கீறலை எடுக்க 180, பிரைமருக்கு முன்னால் 320. பிரைமர் காய்ந்த பிறகு 600 வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டு மெல்ல.

27 டிசம்பர்

இன்று காலை புல்லெல்லாம் வெள்ளை. ஊட்டியில் உறைபனி என்று செய்தி போட்டார்கள், எங்கள் பள்ளத்திலும் விழுந்தது. பத்து மணிக்கு மேல் நல்ல வெயில்.

சுவரில் மாட்டுகிற ஈரப்பத மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துக் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகத் தெரியும். மதியம் 18 டிகிரி, ஈரம் 60 சதவீதம் என்றால் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாக இறங்க ஆரம்பிக்கிற சூட்டு அளவு) சுமார் 10 டிகிரி, நடுவில் 8 டிகிரி இடைவெளி இருக்கிறது, தைரியமாக அடிக்கலாம். மேகம் இறங்கி 14 டிகிரி, 95 சதவீதம் என்றால் பனிநிலை 13-ஐத் தாண்டிவிடும், இடைவெளி ஒரு டிகிரிகூட இல்லை. இரும்பில் பெயிண்ட் அடிக்கிறவர்கள் குறைந்தது 3 டிகிரி இடைவெளி வேண்டும் என்பார்கள்.

ஆனால் இந்த 3 டிகிரி காற்றின் கணக்கு இல்லை, இரும்பின் கணக்கு. 2-ந்தேதி எழுதியபோது நான் காற்றைப் பற்றியே பேசிவிட்டேன், இதுதான் அதைவிட முக்கியம். ராத்திரி வெளியே கிடந்த ரிம் காலை பதினொரு மணிக்கும் குளிர்ந்தே இருக்கும், காற்று சூடாகியிருந்தாலும் ரிம் வியர்க்கும். ராத்திரியே ரிம்மை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். காலையில் ஒரு மணி நேரம் வெயிலைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். உள்ளங்கையை ரிம்மின் பின்பக்கம் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

28 டிசம்பர்

வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கரிச்சட்டி வைத்து சூடேற்றி அடிக்கலாமே என்று கேட்டவருக்கு: கூடவே கூடாது. கேனைத் தள்ளுகிற வாயு எரியும் வாயு, தின்னரும் எரியும். அடுப்பு, ஹீட்டர், பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கரிச்சட்டியைக் கதவடைத்த அறையில் வைப்பது பெயிண்ட் இல்லாமலே உயிரை எடுக்கும், நம் மலையில் குளிருக்கு அப்படி வைத்து இறந்தவர்கள் செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்.

பட்டறையில் ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கிற மருந்து) கலந்து அடிக்கிற கிளியரை வீட்டில் அடிக்கலாமா என்றும் கேள்வி. அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு, துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அது அவர்கள் வேலை, அவர்களிடமே விடுங்கள்.

6 ஜனவரி

என் மூன்றாவது சுற்றை இன்று ஆரம்பித்தேன், கேள்வி கேட்ட தம்பியும் வந்திருந்தார். மணி 11:20, 19 டிகிரி, ஈரம் 55. கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் நிறுத்தி வைத்தோம், குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு, அதற்கு மேல் வேண்டாம், 50 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று கேனிலேயே போட்டிருக்கும். குளிர்ந்த கேனில் அழுத்தம் குறைந்து பெயிண்ட் துப்பும்.

உள்ளே இருக்கிற குண்டு சத்தம் கேட்க ஆரம்பித்ததிலிருந்து இரண்டு நிமிஷம் குலுக்க வேண்டும், தம்பி அரை நிமிஷத்தில் நிறுத்தப் பார்த்தார், விடவில்லை. முதலில் ரிம்மின் காற்றோட்டத் துளைகளின் உள் ஓரம், அப்புறம் முகம். ஓரத்தைக் கடைசிக்கு விட்டால் அதற்காகத் திரும்பத் திரும்ப அடித்து முகத்தில் வழியும். ஒரு சாண் தூரம், கையை ரிம்முக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடிக்க வேண்டும். முதல் பூச்சு இரும்பு தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் தூவல்தான். பத்து நிமிஷம் விட்டு அடுத்தது. பிரைமர் இரண்டு, கலர் மூன்று, கிளியர் இரண்டு. எங்களுக்கு 400 மில்லி கேன் ஒன்று இரண்டு ரிம்முக்குச் சரியாக வந்தது.

இரண்டரை மணிக்கு கொடநாடு பக்கமிருந்து மேகம் ஏற ஆரம்பித்தது. கடைசிக் கிளியரை அடிக்காமல் ரிம்மை உள்ளே தூக்கிவிட்டோம். தம்பிக்கு மனசே இல்லை, ஒரே ஒரு பூச்சு அண்ணா என்றார். மூன்று மணிக்கு எதிரே தேயிலைச் செடி தெரியவில்லை.

7 ஜனவரி

ராத்திரி முற்றத்தில் காட்டெருமை ஐந்து. நேற்று வெளியே காய வைத்திருந்தால் ரிம் மிதிபட்டிருக்கும், ரிம்மைப் பார்க்க நாங்கள் போயிருந்தால் அதைவிட மோசம். விறகு எடுக்கக்கூட ஆறு மணிக்கு மேல் வெளியே போவதில்லை இப்போது. மிச்சக் கிளியரை மதியம் அடித்தேன், நேற்றையதை 600-இல் லேசாகத் தடவிவிட்டு.

8 ஜனவரி

தம்பி தன் வீட்டில் தனியாக அடித்த ரிம்மின் படம் அனுப்பினார். முகம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, என்னுடையதைவிட நன்றாக. ஆனால் நட்டு உட்காருகிற கூம்பிலும், ரிம்மின் பின்னால் ஹப்போடு ஒட்டுகிற வட்டத்திலும் தடிமனாக பெயிண்ட் இருக்கிறது. தம்பி, அதை எடுத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இதை நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும், எழுதாதது என் தப்பு.

நட்டை முறுக்கும்போது அது கூம்பில் இரும்போடு இரும்பாக உட்கார வேண்டும். நடுவில் பெயிண்ட் இருந்தால் முறுக்கும்போது இறுக்கமாகத்தான் தெரியும், ஓடி ஓடி சூடேறியதும் அந்தப் பெயிண்ட் நசுங்கிப் பிதுங்கும், அந்த அளவுக்கு நட்டு தளரும். எனக்கு இரண்டாவது முறை அடித்தபோது நடந்தது இது. மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், முழுக்க இறக்கம். குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவில் முன் இடது சக்கரத்திலிருந்து டக் டக் என்று சத்தம். பிரேக் பிடித்தால் நிற்கிறது, விட்டால் வருகிறது. ஓரம் கட்டி ஸ்பேனரை எடுக்கப் போனேன், அதற்கு முன்னால் சும்மா விரலால் தொட்டேன், நட்டு சுற்றியது. நான்கில் இரண்டு அப்படி. பின்சீட்டில் அம்மா இருந்தார்கள். அம்மாவிடம் இன்று வரை சொல்லவில்லை.

அதனால்தான் வண்டியில் மாட்டியபடியே அடிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை என்றேன். நட்டுக்கு அடியில் என்ன போகிறது என்று தெரியாது.

இப்போது நான் செய்வது: ரிம்மைப் படுக்க வைத்து நான்கு துளையிலும் பெரிய கோலிக்குண்டு ஒவ்வொன்று வைத்துவிடுவேன். கூம்பில் அச்சாக உட்காரும், டேப்பே வேண்டாம். பின் வட்டத்துக்கு மாஸ்கிங் டேப். ஏற்கெனவே அடித்துவிட்டால் தின்னர் துணியைக் குச்சியில் சுற்றித் துடைத்தால் வந்துவிடும், புதுப் பெயிண்ட்தானே. கூம்பை உப்புத்தாளால் குடையாதீர்கள், வடிவம் மாறும்.

மாட்டும்போது நட்டை எதிரெதிராக முறுக்கி, சக்கரம் தரையில் உட்கார்ந்த பிறகு கடைசி இறுக்கம், வண்டிக் கையேட்டில் போட்டிருக்கிற அளவுக்கு. 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும்.

14 ஜனவரி

பொங்கல் வாழ்த்துகள். அடித்து எட்டு நாள் ஆகிறது. தொட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்ததுதான், ஆனால் நகத்தால் அழுத்தினால் நான்காவது நாள் வரை தடம் விழுந்தது. நம் ஊருக்கு ஒரு வாரம் விடுங்கள். சக்கரம் அதிராமல் சுற்ற ரிம் ஓரத்தில் மாட்டியிருக்கிற பேலன்சிங் ஈயத்தை எடுத்துவிட்டு அடித்தவர்கள் மறுபடி பேலன்ஸ் பார்க்காமல் கீழே இறங்காதீர்கள்.

2 பிப்ரவரி

சில்வர் சிறந்ததா கறுப்பா என்று பெரிய விவாதம் போய்க்கொண்டிருக்கிறது. என் அனுபவம் இது. மலை இறக்கத்தில் பிரேக் தூள் முன் ரிம்மில் ஒரே வாரத்தில் படியும், சில்வரில் அழுக்காகத் தெரியும், கறுப்பில் செம்மண் தெரியும். அடர் சாம்பலில் இரண்டும் தெரியவில்லை. நான் சாம்பல்தான்.

சூட்டில் பெயிண்ட் பொரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். இறங்கும்போது இரண்டாம் கியரில் விட்டு பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தால் ரிம் கை வைக்கிற சூட்டில்தான் இருக்கிறது. கால் எடுக்காமல் பிடித்துக்கொண்டே வந்தால் பெயிண்ட் மஞ்சள் பூக்கும். அப்படி பூத்த ரிம்மைப் பார்த்தால் முதலில் பிரேக்கைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

11 பிப்ரவரி

நான்கும் முடிந்தது. இன்று மேட்டுப்பாளையம் போய் வந்தேன். கிளம்பும் முன் ஒவ்வொரு நட்டிலும் ரிம்மிலும் சேர்த்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தேன், நட்டு அசைந்தால் கோடு உடையும். குஞ்சப்பனையில் நிறுத்திப் பார்த்தேன், கீழே போய்ப் பார்த்தேன், திரும்பி வந்து பார்த்தேன். பதினாறு கோடும் நேராக இருக்கிறது. தம்பிக்கும் படம் அனுப்பிவிட்டேன், அவர் நாளை இறங்குகிறாராம். ஸ்டெப்னி ரிம் மட்டும் பாக்கி, மார்ச் முடிவதற்குள் அடிக்க வேண்டும்.